பத்துச் சத வீரர்களைத் தேடி



1977 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொலராடோ மாநிலத்துத் தலைநகராகிய டென்வரில், முதியவர் ஒருவரின் வீட்டை அவருடைய குடும்பத்தார் காலிசெய்துகொண்டிருந்தனர். எட்கர் சேர்ச் என்பது அம் முதியவரின் பெயர். தொலைபேசி விலாசப் புத்தகத்தில் இடம்பெறும் வணிக விளம்பரங்களுக்குப் படம் வரைந்து சீவித்தவர். அவர் வீட்டின் சிற்றறை ஒன்றில் தரையிலிருந்து ஆளுயரத்துக்குப் பழைய தாள்கள் அடுக்கடுக்காய்க் கிடந்தன. குப்பைக்குப் போகவிருந்த அவற்றைப் பார்க்க வருமாறு அழைக்கப்பட்டவர்களுள் சக் ரொசான்ஸ்கி என்னும் இளம் வியாபாரியும் ஒருவர். அவருக்கு அப்பொழுது இருபத்திரண்டு வயது நிரம்பவில்லை. அறையுட் புகுந்து மேலிருந்த ஓர் இதழைக் கையிலெடுத்த அவர், முப்பது நாற்பது ஆண்டுகட்கு முன் அச்சான அத் தாள் நேற்று அச்சகத்தினின்றும் வந்ததுபோல வெள்ளை வெளேரென்றிருப்பதைக் கண்டு மலைத்து நின்றார்.

அவை சித்திரக் கதை இதழ்கள், பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவை. இன்று பழம் இதழ் தேடுவோர் 'மைல் ஹை' தொகுதி என்று கூறி வியப்பது இதனையேயாகும். கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தே அமைந்த நகரமாதலின் டென்வருக்கு அப் பெயர் வழங்கி வந்தது.

சித்திரக் கதையா, அஃது எழுதப் படிக்கத் தெரியாத சிறுவர் புரட்டும் நூலன்றோ, அதற்கொரு வரலாறும் உண்டோ என்று நேயர்களுட் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அவ்வாறு முகஞ் சுளித்தவர்கள் அமெரிக்காவிலும் பலர் இருந்தனர். அவர்கள் சுளித்த முகமே இவ்விதழ்கள் அருகிப்போனதற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

1938 ஆம் ஆண்டு யூன் மாதத் திகதியுடன் வெளிவந்த 'அக்சன் கொமிக்ஸ்' முதலாம் இதழிலேதான் சுப்பர்மேன் என்னும் அதிமானுட வீரன் முதன்முதலாக உலகுக்கு அறிமுகமானான். அவனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இருவரும் ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் நகரில் வளர்ந்த யூதக் குடும்பத்து இளைஞர். அவ்வீரன்மேல் தமக்குள்ள உரிமை முழுவதையும் அவர்கள் வெளியீட்டாளருக்கு 130 டொலருக்கு எழுதிக்கொடுத்தனர். இதழின் விலை பத்துச் சதம். பக்கங்கள் அறுபத்து நான்கு. அது விற்ற வேகத்தைக் கண்டதும், நியூ யோர்க் நகரத்து வெளியீட்டாளர் ஒவ்வொருவரும் தத்தமக்கு ஒரு வீரன் வேண்டுமென்று ஆளாய்ப் பறந்தனர். மழை விட்ட மாலையில் புற்றினின்றும் ஈசல் எழுவதுபோல முகமூடி வீரர் எழுந்தனர். 1939 மே மாதத்தில் பேட்மேன். அதே ஆண்டு ஓகஸ்டில் பொக்ஸ் நிலையத்தாரின் புளூ பீற்றில். 1940 சனவரியில், நாட்டுக் கொடியையே கவசமாய் அணிந்த ஷீல்ட். கப்டன் அமெரிக்கா தோன்றியது இதற்கு ஓராண்டு கழித்தேயாகும். ஆயினும் இன்று கப்டன் அமெரிக்காவை அறியாத சிறுவன் இல்லை. ஷீல்டை அறிந்த பெரியவரும் அரியர்.

இவ்விடத்தேதான் நம் கதை பிறக்கின்றது. சுப்பர்மேனும் பேட்மேனும் இன்றுவரை வாழ்கின்றனர். திரைப்படங்களிலும் பொம்மைகளிலும் உலாவுகின்றனர். அவர்களோடு கூடப் பிறந்த நூற்றுக்கணக்கான வீரர்களோ, ஐந்தாறு ஆண்டுகளிற் கடைதெருவை விட்டே மறைந்தனர். சென்ரோர், பொக்ஸ், நீடோர், ஹோலியோக் என்று அந்நாளிற் பெயர் பெற்றிருந்த வெளியீட்டு நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சிறுவரால் வெறுக்கப்பட்டு மறைந்தவர்தாம் இவ்வீரர் என்று கொள்வதும் பிழை. 1940 இல் தோன்றிய கப்டன் மாவல் விற்பனையிற் சுப்பர்மேனையே விஞ்சிய காலமுண்டு. அவன் சுப்பர்மேனின் சாயல் என்று தொடுக்கப்பட்ட வழக்குப் பன்னிரண்டு ஆண்டு நீண்டு, 1953 இல் வெளியீட்டாளர் பணம் செலுத்தி இணங்க முடிவுற்றது. அதன்பின் இருபது ஆண்டுகள்வரை அமெரிக்கக் கடையெதிலும் அவனுக்குப் புதிய கதை இல்லை. வழக்குமன்றமும் ஒரு வீரனைக் கொல்ல வல்லது போலும்!

இனி, தாளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இவ்விதழ்கள் செய்தித்தாள் அச்சிடும் மலிந்த தாளில் அச்சானவை. மரத்தை அரைத்துக் கூழாக்கி, அதிலுள்ள லிக்னின் என்னும் பொருளை நீக்காமலே வார்த்த தாள் அது. வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் பழுப்பேறும், அமிலம் பெருகும், நாளடைவிலே தாள் அப்பளம்போல் நொறுங்கும். நடுவிலே குத்திய இரு கம்பிகளும் ஈரம் பட்டால் துருவேறித் தாளை அரிக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, வாங்கியவன் சிறுவன். அவன் அதை மடித்துக் காற்சட்டைப் பையிற் செருகினான்; நண்பனுக்குக் கொடுத்து வேறொன்று மாற்றினான்; காற்றுத் துப்பாக்கி விளம்பரத்தைக் கத்தரித்தான். விற்பனையாகாத பிரதிகளுக்கும் நற்கதி இல்லை. கடைக்காரர் அட்டையின் மேற்பகுதியைக் கிழித்து அனுப்பிக் காசைத் திரும்பப் பெற்றுக்கொள்வர். மீந்த தாள் அழிவதற்குரியது.

போர் வந்தது. 1942 முதலாகத் தாள் சேகரிப்பு நாட்டுக் கடமையாயிற்று. பாடசாலைச் சிறுவர்கள் தங்கள் இதழ்களைக் கைவண்டியில் ஏற்றிச் சென்று கொடுத்தனர். பகைவனை முகத்தில் குத்தும் வீரனின் படம் போட்ட அட்டைகளே அப்பகைவனை வெல்லும் பொருட்டுக் கூழாயின. போர் முடிந்தபின் வந்தது வேறொரு தீ. 1948 இல் மேற்கு வேர்ஜீனியாவின் ஸ்பென்சர் என்னும் ஊரிலும் நியூ யோர்க் மாநிலத்துப் பிங்ஹம்ரன் நகரிலும் பாடசாலைப் பிள்ளைகளே சித்திரக் கதைகளைக் குவித்து எரித்தனர். பெரியோர் அருகே நின்று பார்த்தனர். 1954 இல் உளநோய் மருத்துவர் பிரெடரிக் வேர்தம், இவ்விதழ்கள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று நூலொன்று வெளியிட்டார். அவ்வாண்டே அமெரிக்க மேலவையின் குழுவொன்று விசாரணை நடத்தியது. வெளியீட்டாளரும் அஞ்சித் தம்மைத் தாமே தணிக்கை செய்யும் விதிக்கோவை ஒன்றை வகுத்துக்கொண்டனர். தாய்மார் வீட்டுப் பெட்டிகளைத் துப்புரவாக்கினர். போரில் உலகம் எரிந்ததை நேரிற் கண்டு மூன்றாண்டு கழிந்த சிறிது காலத்திலேயே புத்தகத்தை எரிக்க மனம் துணிந்த அப்பெரியோரை நினைக்கும்போது எமக்குச் சினத்தைவிட வியப்பே மிகுகின்றது.

ஆகவே ஓர் இதழ் தப்பிப் பிழைத்ததாயின் அது தற்செயலே. தப்பிய இதழ் பழுதறத் தப்பியதாயின் அது தற்செயலினும் தற்செயல். அத்தகைய தற்செயல்களின் வரலாறே இத்துறையிற் சுவை மிக்க பகுதி.

சேர்ச் என்பவர் வீரர்மேற் காதல் கொண்டு வாங்கினாரல்லர்; தம் ஓவியத் தொழிலுக்கு மாதிரிகள் தேடி வாங்கினார். எனவே இது நல்லது, இது தீயது என்ற தெரிவின்றிக் கடையில் வந்த எல்லா நிலையத்து இதழ்களையும் கொண்டார். வாங்கியவற்றை இருட்டறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கின் கனத்தால் இதழ்களுக்கிடையே காற்றுப் புகவில்லை. கொலராடோ மலைநாட்டின் வறண்ட காற்றில் ஈரமும் இல்லை. பேர்பெற்ற வீரனின் இதழை எவனாவது ஒரு சிறுவன் ஆசையோடு காத்திருக்கக்கூடும். பேர்பெறாதவனின் இதழை யார் காப்பார்? சேர்ச் காத்தார். மறக்கப்பட்ட பல தலைப்புகளுக்கு இன்று அறியப்பட்ட தலைசிறந்த பிரதி அவருடைய பிரதியே என்பது தேடுவோர் அனைவரும் ஒப்பும் உண்மை. 1978 இல் அவர் காலமானார்.

வேறொரு தொகுதி சான் பிரான்சிஸ்கோ நகரின் பெயரால் வழங்குகின்றது. இரண்டாம் உலகப் போரில் உயிர் நீத்த கடற்படை இளைஞன் ஒருவனின் இதழ்கள் அவை. மகனின் அறையைப் பெற்றோர் கலைக்க மனமின்றி வைத்திருந்தனர். அவர்கள் காலத்துக்குப்பின், 1970களின் தொடக்கத்திலேதான் அவை வெளிவந்தன. அப்பிரதிகளின் நிறம் மங்காதிருப்பதன் காரணம் அந்த மூடிய கதவேயாகும். நெப்ராஸ்கா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், சிறுவன் ஒருவனுக்கென்று எடுத்துவைக்கும் இதழ்களின் அட்டையில் கடைக்காரர் அவன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்தார். பொதுவாக அட்டையில் எழுத்து இருப்பின் அது குறை; இவ்விதழ்களிலோ அப்பென்சில் எழுத்தே குலச்சான்றாக மதிக்கப்பெற்று விலையை ஏற்றுகின்றது.

நல்லெண்ணத்தாற் கெடுத்தவரும் உளர். கன்சாஸ் மாநிலத்துக் கொன்கோடியா ஊரிலே ஹொலிங்கர் என்னும் பழைய புத்தக வியாபாரி, 1930களின் இறுதி தொட்டே பழைய சித்திரக் கதைகளை வாங்கி விற்று வந்தார். அவ்வளவு முற்காலத்தில் இதனை ஒரு தொழிலாகக் கருதியவர் வேறெவரும் இல்லை எனலாம். இதழ் நெடுநாள் நிலைக்கவேண்டுமென்று விரும்பி, அதன் முதுகிலும் ஓரத்திலும் தாள் நாடாவை ஒட்டி அழுத்தி உறுதிப்படுத்தினார். அந்நாடாவே இன்று அப்பிரதிகளின் தரத்தைப் பாதாளத்திற் தள்ளுகின்றது. பாவம், அவர் இதழ் வாசிக்கப்படுவதற்கே என்று எண்ணிவிட்டார்!

தரம் என்றோம், அதனை அளப்பது எப்படி? முற்காலத்தில் விற்பவர் நல்லது என்பார், வாங்குபவர் இல்லை என்பார். 1961 இல் ஜெரி பெயில்ஸ் என்னும் பேராசிரியர் பழைய வீரர்களை நினைவுகூரும் கையேடு ஒன்றைத் தொடங்கி, எவ்வெவ் வீரன் எவ்விதழில் தோன்றினான் என்ற அட்டவணைகளைத் தொகுக்கத் தலைப்பட்டார். தமக்கு உரிய படியைக்கூட எழுதிவைக்காத வெளியீட்டாளர்களின் வேலையை, ஊதியமின்றி அன்பர்கள் செய்தனர். 1970 இல் ரொபேட் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேட்டை வெளியிட்டார். 2000 ஆம் ஆண்டில் இதழ்களைப் பரிசோதித்துப் பத்துக்கு இத்தனை என்று புள்ளியிட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பேழையுள் முத்திரையிட்டுத் தரும் நிறுவனம் ஒன்று தோன்றியது. 9.4 பெற்ற இதழ் ஏறக்குறையப் புத்தம் புதிது, 0.5 பெற்றது கந்தல். ஓரம் நேர்த்தியாக வெட்டப்பட்டிருக்கிறதா, மங்கிய இடத்தில் மை தீட்டப்பட்டிருக்கிறதா, கம்பிகள் மாற்றப்பட்டனவா என்று ஆய்வாளர் விளக்கொளியிற் பார்ப்பர். மெருகூட்டிய இதழுக்கு ஊதா நிறச் சீட்டு ஒட்டுவர். அவ்வூதா நிறத்தைக் கண்டால் வாங்க வந்தவர் கால் பின்வாங்கும்.

விலைகளைக் கேட்டால் தலை சுழலும். அக்சன் கொமிக்ஸ் முதலாம் இதழில் 9.0 தரம் பெற்ற பிரதியொன்று 2014 இல் முப்பத்திரண்டு இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று; 8.5 தரத்துப் பிரதியொன்று 2024 இல் அறுபது இலட்சம் பெற்றது. ஆனால் அவ்விதழில் ஏறத்தாழ நூறு பிரதி எஞ்சியிருப்பதாகத் துறையறிந்தோர் கணிக்கின்றனர். அதனினும் அரியனவாய், எங்கும் ஒன்றிரண்டாய் எஞ்சி நிற்கும் சிறு நிலையங்களின் இதழ்கள் அந்த விலையின் நிழலைக்கூடத் தொடுவதில்லை. அருமையே விலையை ஆக்கும் என்பது பொருளியலார் வாக்கு. ஆயின் பெயரறியாப் பொருள் எத்துணை அருமையாயினும் அதனை வேண்டுவார் வேண்டுமே. அதனாலேதான் பொருள் குறைந்த, பொறுமை மிகுந்த தேடுவோர் இச்சிற்றிதழ்களை நாடுகின்றனர். பழம் வீட்டு விற்பனையிலும் தோட்டத்துச் சந்தையிலும் வாழ்விழந்த கடைகளின் கொட்டிலிலும் பெட்டி பெட்டியாகக் கிளறி, அட்டையின் மூலை கூராய் நிற்கும் ஒரு பிரதிக்கு ஆண்டுக்கணக்காய்க் காத்திருப்பர்.

எம்மனோர் ஏட்டுச் சுவடி தேடிய வரலாற்றை அறிந்தவர்களுக்கு இங்கே ஒரு வேற்றுமை புலப்படும். சுவடியில் எழுத்துத் தெரிந்தாற் போதும். ஓலை செல்லரித்திருந்தாலும் பாடம் கிடைத்துவிடும். இங்கே பாடம் போதாதோ என்று வினவலாம். போதாது என்பதற்குத் தக்க நியாயம் ஒன்றுண்டு. இக்கதைகளின் உயிர் நான்கு வண்ணத்தில் இருக்கின்றது. பழுப்பேறிய பிரதியில் நீலம் பச்சையாகவும் வெள்ளை தேன்நிறமாகவும் காணப்படும். மறுபதிப்புகளோ பெரும்பாலும் புதிதாக நிறம் தீட்டப்பட்டவை. 1940 இல் பத்துச் சதம் கொடுத்த சிறுவன் கண்ட நிறம் யாது என்று அறிய, அன்றைய வெண்மை மாறாத ஒரு பிரதியே சான்று. ஆனால் அச்சான்றைப் பேழையுள் அடைத்து முத்திரையிட்டபின் அதனைத் திறந்து பார்ப்பவர் யார்? அட்டை மட்டும் தெரிய, உள்ளிருக்கும் கதை சிறைப்பட்டுக் கிடக்கின்றது. இக்குறையை நாம் மறைக்க விரும்பவில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் காங்கிரஸ் நூலகமும் பெருந்தொகையாக இதழ்களைச் சேர்த்துவைத்திருப்பதாலும், உரிமை புதுப்பிக்கப்படாத பழைய இதழ்கள் பல கணினிப் படங்களாகக் கிடைப்பதாலும் இக்குறை ஓரளவு தீர்ந்திருக்கின்றது. அப்படங்களை எடுக்கத் தம் பிரதிகளை இரவல் கொடுத்தவர்களும் இதே தேடுவோருள் ஒரு சாராரேயாவர்.

இத்தேடலாற் கிடைத்த பயனுக்கு எடுத்துக்காட்டு பிளெச்சர் ஹாங்ஸ். 1939 முதல் 1941 வரை ஏறத்தாழ மூன்றாண்டே இவர் சித்திரக் கதை வரைந்தார். ஸ்டார்டஸ்ட் என்னும் விண்மந்திரவாதியும், வனத்தைக் காக்கும் பன்டோமா என்னும் பெண்ணும் இவர் படைப்புகள். பன்டோமா தோன்றியது 1940 பெப்ருவரியில். புகழ்பெற்ற வொண்டர் வுமன் தோன்றியது 1941 இன் இறுதியில். குற்றவாளிகளுக்கு ஹாங்ஸ் வகுத்த தண்டனைகளின் கோரத்தையும் விசித்திரத்தையும் எம் சொற்களால் விளக்க இயலாது. இவர் மனைவி மக்களைக் கைவிட்டுப் போனவர். 1976 இல் நியூ யோர்க்கில் ஒரு பூங்கா இருக்கையிற் குளிரில் விறைத்து இறந்துகிடந்தார். போல் கராசிக் என்னும் ஓவியர் சிதறிக்கிடந்த இதழ்களினின்றும் இவருடைய கதைகளைத் திரட்டி 2007 இல் நூலாக்கிய பின்னரே இப்பெயர் வரலாற்றில் ஏறியது. சூ ஹிங் என்னும் சீன வழி வந்த அமெரிக்க ஓவியர் 1944 இல் வரைந்த கிரீன் ரேட்டில் என்னும் வீரனும் இவ்வாறு மீண்டவன். கதை முழுவதும் அவ்வீரன் முகத்தைத் திருப்பியோ மறைத்தோ நிற்கின்றான். சீன வீரனைப் படைக்க வெளியீட்டார் இடங்கொடாமையால் ஓவியர் அம் முகத்தைக் காட்டவே மறுத்தார் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. உண்மை எதுவாயினும், திரும்பி நிற்கும் அம்முதுகைப் படத்திற் பார்ப்பவர் அதனை எளிதில் மறவார்.

தமிழருக்கும் இவ்வரலாற்றில் ஒரு சிறு பங்குண்டு. சுப்பர்மேனை விற்றுவிட்ட சீகல் பிற்காலத்தில் வறுமையுற்று, இங்கிலாந்தின் 'லயன்' வார இதழுக்கு 1966 முதல் ஸ்பைடர் என்னும் மாற்று வீரனின் கதையை எழுதினார். அதே காலத்து இங்கிலாந்து இதழாகிய 'வலியன்ற்' 1962 இல் தொடங்கிய இரும்புக் கைக் கதையே, சிவகாசியில் 1972 இல் பிறந்த முத்து காமிக்ஸ் முதலாம் வெளியீடாக 'இரும்புக்கை மாயாவி' எனத் தமிழில் வந்தது. ஸ்பைடரும் பின்னர்த் தமிழ் பேசினான். தாய்நாட்டில் மறக்கப்பட்ட இவ்விரு வீரரையும் தமிழ்ச் சிறுவர் மறந்தாரில்லை. அவ்விதழ்களின் முதற் பதிப்புகளைத் தேடுவோர் இன்றும் உளர். சீகலுக்கும் ஷஸ்டருக்கும் 1975 இன் இறுதியிலேதான் ஆண்டுக்கு இருபதினாயிரம் டொலர் உதவித்தொகை கிடைத்தது. அவர்களுக்கு 1938 இல் வழங்கப்பட்ட காசோலை, அந்த 130 டொலரையும் உள்ளடக்கியது, 2012 இல் 160,000 டொலருக்கு ஏலம் போயிற்று.

இறுதியாக ஓர் இதழ். பிலடெல்பியா நகரத்து நாளேடு ஒன்று 1947 இல் மூடப்பட்டபோது, அதிற் பணிபுரிந்த ஓரின் இவான்ஸ் என்னும் கறுப்பினப் பத்திரிகையாளர், தம் இனத்து ஓவியர்களை மாத்திரம் கொண்டு ஒரு சித்திரக் கதை இதழ் வெளியிட்டார். அக்காலச் சொல்வழக்கில் 'ஓல் நீக்ரோ கொமிக்ஸ்' என்று அதற்குப் பெயர். விலை பதினைந்து சதம், பக்கம் நாற்பத்தெட்டு. அதில் லயன் மேன் என்னும் இளம் அறிஞன், ஐக்கிய நாடுகள் சபையால் அனுப்பப்பெற்று, இன்றைய கானாவாகிய கோல்ட் கோஸ்ட் நாட்டிலே யுரேனிய மலை ஒன்றைத் தீயோர் கையிற் சிக்காமற் காக்கின்றான். அவனை வரைந்தவர் இவான்ஸின் தம்பி. மற்ற இதழ்களிலே கறுப்பினத்தார் கோமாளிகளாகவும் காட்டு மனிதராகவும் வரையப்பட்ட நாள் அது. இன்று இதன் பிரதிகள் மிக அரியன. நல்ல நிலையிலுள்ளது கிடைத்தால் பெரும்பேறு. இரண்டாம் இதழுக்குப் படங்கள் ஆயத்தமாயிருந்தன. ஆனால் முன்பு தாள் விற்றவர்கள் இம்முறை இவான்ஸுக்குத் தாள் விற்க மறுத்துவிட்டனர்.